ஜெட்டிலிருந்து இன்ஜெக்டருக்கு: தமிழ்நாட்டுப் பந்தயக் கார்களில் எரிபொருள் அளவீட்டின் வரலாறு

மாற்றியமைக்கப்பட்ட கார் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் தேவை என்பதைக் கணித்து, அதைத் தரக்கூடிய கருவியைத் தேர்ந்தெடுப்பது பந்தயக் கார்ப் பட்டறைகளின் அடிப்படை வேலைகளில் ஒன்று. கார்புரேட்டர் இருந்த காலத்தில் இது 'ஜெட்' தேர்வாக இருந்தது. மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை வந்தபின் 'இன்ஜெக்டர்' தேர்வாக மாறியது. தமிழ்நாட்டில் இந்த மாற்றம் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் தொடங்கி, இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் ஓடுதளங்கள் வழியாக இன்றுவரை நீள்கிறது. தேர்வு பிழையானால் பிஸ்டன் உருகுவது அன்றும் இன்றும் ஒன்றே. மாறியது, பிழையை முன்கூட்டியே அறியும் வழிதான்.

சோழவரம் காலம்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போரின்போது பயன்பட்ட விமான ஓடுதளம், போருக்குப்பின் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்கு இடமானது. 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950-களிலிருந்து 1980-களின் இறுதிவரை அங்கே பந்தயங்களை நடத்தியது. வெளிநாட்டுப் பந்தயக் கார்கள் சில அங்கே ஓடியபோதும், பெரும்பாலான போட்டியாளர்கள் இந்தியச் சந்தையில் கிடைத்த கார்களையே மாற்றியமைத்து ஓட்டினர். அம்பாசடர், ஃபியட் 1100, சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையே கைக்கு எட்டியவை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த காலம் அது. வெளிநாட்டு உதிரிபாகம் ஒன்றைப் பெறுவதைவிட, இருப்பதைக் கடைந்து தேய்த்து மாற்றுவதே எளிது.

எஞ்சினை மாற்றியமைப்பது என்பது பெரும்பாலும் அது உள்ளிழுக்கும் காற்றைக் கூட்டுவதுதான். சிலிண்டரை அகலமாகக் கடைவது, கேம்ஷாஃப்ட்டை மாற்றுவது, காற்று செல்லும் துளைகளை மெருகேற்றுவது, சைலன்சர் குழாயைத் திறப்பது எல்லாமே காற்றின் அளவைக் கூட்டுகின்றன. கூடிய காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலும் கூடியாக வேண்டும். அதைக் கார்புரேட்டரின் மெயின் ஜெட் தீர்மானித்தது.

ஜெட் என்பது நடுவில் துளையிட்ட சிறு பித்தளைத் திருகு. சோலெக்ஸ், வெபர் வகைக் கார்புரேட்டர்களில் ஜெட்டின்மீது பொறிக்கப்பட்ட எண் அதன் துளை விட்டத்தைக் குறிக்கும். 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். 120-ஐ எடுத்துவிட்டு 130-ஐப் பொருத்தினால் விட்டம் 8 சதவீதமே கூடுகிறது, ஆனால் துளையின் பரப்பு 17 சதவீதம் கூடிவிடுகிறது. எண்ணைப் பார்த்துச் சிறிய மாற்றம் என்று நினைப்பவர் எஞ்சினைப் பெட்ரோலில் மூழ்கடிப்பார். புதிய ஜெட் கிடைக்காத ஊர்களில் பழைய ஜெட்டின் துளையை ஊசித் துரப்பணத்தால் பெரிதாக்குவதும், ஈயம் வைத்து அடைத்துப் புதிதாகத் துளையிடுவதும் பட்டறை வழக்கங்களாக இருந்தன.

அளவு சரியா என்பதை ஸ்பார்க் பிளக்கே சொன்னது. காரை முழு வேகத்தில் ஓட்டி, அப்படியே எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். வறுத்த காப்பிக்கொட்டையின் இளம்பழுப்பு நிறம் இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, எஞ்சின் ஆபத்தில் இருக்கிறது. பெட்ரோல் குறைந்த கலவை முழுச் சுமையில் எரியும்போது வெப்பம் ஏறுகிறது, கலவை தானாகவே வெடிக்கத் தொடங்குகிறது, பிஸ்டனின் தலை ஓட்டை விழுகிறது. எனவே ஐயமிருந்தால் சற்றுப் பெரிய ஜெட்டையே போடு என்பது மெக்கானிக்குகளின் எழுதப்படாத விதியாக இருந்தது. பெட்ரோல் வீணாகும், எஞ்சின் தப்பும்.

சென்னையின் கார்புரேட்டர் தொழில்

தமிழ்நாடு கார்புரேட்டர்களைப் பயன்படுத்திய இடம் மட்டுமல்ல, அவற்றைத் தயாரித்த இடமும்கூட. சென்னையின் கார்புரேட்டர்ஸ் லிமிடெட் நிறுவனம் இந்தியக் கார்களுக்கான கார்புரேட்டர்களைத் தயாரித்தது. மாருதி 800 சாலைக்கு வந்த பின் 1985-ல் ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தின் கூட்டுறவுடன் யூகால் ஃபியூயல் சிஸ்டம்ஸ் சென்னையில் தொடங்கப்பட்டது. மிக்குனி கார்புரேட்டர் பழுதுபார்ப்பு அதன்பின் தமிழகப் பட்டறைகளின் அன்றாட வேலையானது.

மாருதி 800-ன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினைக் கொண்டே இந்தியாவின் முதல் மலிவான ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் வகையும் உருவானது. கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழிலதிபரும் பந்தய ஓட்டுநருமான எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில் வடிவமைத்த ஃபார்முலா மாருதி அது. எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் வெற்றி ஓட்டுநரின் திறனிலும் நுண்ணிய சரிசெய்தலிலும் அடங்கியது. பின்னர் 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் தன் கார்ப் பந்தய வாழ்க்கையை ஃபார்முலா மாருதியில்தான் தொடங்கினார். கரிவரதன் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்தார். கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

டீசல் 'நாசில்' மரபு

பெட்ரோல் கார்களில் இன்ஜெக்டர் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சேலம், நாமக்கல் பகுதி மெக்கானிக்குகளுக்கு இன்ஜெக்டர் பழக்கமானது. லாரி, டிராக்டர், பம்புசெட் எல்லாம் டீசலில் ஓடின. டீசல் எஞ்சினில் எரிபொருளை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் 'நாசில்' உண்டு. 1951-ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனத்தின் பம்புகளும் நாசில்களும் தென்னிந்தியா முழுவதும் பரவின. நாசில் எந்த அழுத்தத்தில் திறக்கிறது, பூவாகத் தெளிக்கிறதா அல்லது சொட்டுகிறதா, நான்கும் ஒரே அளவு தருகின்றனவா என்று சோதிக்கும் மேசைகள் லாரி ஊர்களின் பம்பு-நாசில் கடைகளில் இருந்தன. பெட்ரோல் இன்ஜெக்டர் வந்தபோது சோதிக்க வேண்டியவையும் இவையேதான். ஒரு வேறுபாடு உண்டு. பழைய டீசல் முறையில் அளவைத் தீர்மானிப்பது பம்பு, நாசில் தெளிப்பது மட்டுமே. பெட்ரோலில் அழுத்தம் ஏறத்தாழ மாறாமல் இருக்க, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரமே அளவைத் தீர்மானிக்கிறது.

சட்டம் கொண்டுவந்த மாற்றம்

மின்னணு முறை உலகில் புதிதல்ல. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-ல் டி-ஜெட்ரானிக் முறையை ஃபோக்ஸ்வாகன் கார்களில் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் அதைப் பரவலாக்கியது பந்தயமல்ல, காற்று மாசுச் சட்டம். 1995-ல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. 1999-ல் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதியில் யூரோ விதிகளை விரைவுபடுத்தியது. 2000 ஏப்ரலில் முதல்கட்ட விதிகள் நாடு முழுவதும் வந்தன. 2001-ல் சென்னையில் இரண்டாம் கட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்த வரம்புகளுக்குள் நிற்கக் கார்புரேட்டரால் இயலவில்லை. மாருதி 800, ஜென், எஸ்டீம், ஜிப்ஸி ஆகியவை 1999-2000-ல் 'எம்.பி.எஃப்.ஐ' என்ற பல்முனை எரிபொருள் செலுத்தலுக்கு மாறின. அந்த எழுத்துகளைக் காரின் பின்புறம் ஒட்டியிருந்ததே அக்காலத்தில் ஒரு பெருமை.

பந்தயப் பட்டறைகளுக்கு இது இடியாக வந்தது. ஜெட்டைக் கழற்றிப் பார்க்கலாம், துளையிடலாம். இன்ஜெக்டரும் அதை இயக்கும் மின்னணுப் பெட்டியும் மூடியவை. எஞ்சினை மாற்றியமைத்தால் அந்தப் பெட்டிக்கு அது தெரியாது, பழைய எஞ்சினுக்கான அளவையே கொடுத்துக்கொண்டிருக்கும். நிரல்களைத் திருத்தும் கருவிகள் வந்து, சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரில் அதைக் கற்றவர்கள் உருவான பிறகே மாற்றியமைக்கும் கலை மீண்டும் உயிர்பெற்றது. அப்போது எழுந்த முதல் கேள்வி, எந்த அளவு இன்ஜெக்டர் என்பதே.

அளவைக் கணிக்கும் முறை

ஜெட்டின் எண் துளையைச் சொன்னது, இன்ஜெக்டரின் எண் பாய்வைச் சொல்கிறது. குறிப்பிட்ட அழுத்தத்தில், பொதுவாக 3 பாரில், முழுவதும் திறந்திருந்தால் நிமிடத்துக்கு எத்தனை சிசி பெட்ரோல் தரும் என்பதே அதன் அளவு. எனவே தேர்வு கணக்காகிறது.

எஸ்டீமின் 1298 சிசி, நான்கு சிலிண்டர், 85 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் முழுச் சுமையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 227 கிராம் பெட்ரோல் எரிக்கும். பெட்ரோலின் அடர்த்தி சிசிக்கு 0.74 கிராம் அளவில் இருப்பதால், இது நிமிடத்துக்கு 5.1 சிசி. 85 குதிரைத்திறனுக்கு 435 சிசி. நான்கால் வகுத்தால் ஓர் இன்ஜெக்டருக்கு 109 சிசி.

அத்தோடு கணக்கு முடிவதில்லை. இன்ஜெக்டர் எப்போதும் திறந்தே இருக்கக்கூடாது. 6000 சுழற்சியில் ஒரு முழு எஞ்சின் வட்டத்துக்கு 20 மில்லி விநாடிதான் உண்டு. அதில் 80 சதவீதத்துக்குமேல், அதாவது 16 மில்லி விநாடிக்குமேல், திறந்து வைத்தால் மூடித் திறக்கும் இடைவெளி போதாமல் கட்டுப்பாடு கெடும். எனவே 109-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும். விடை 136 சிசி.

இதையே காற்றின் பக்கமிருந்தும் சரிபார்க்கலாம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் காற்றை நிரப்புகிறது. 1.298 லிட்டர் எஞ்சின் 6000 சுழற்சியில், 90 சதவீதம் நிரம்பினால், நிமிடத்துக்குச் சுமார் 3500 லிட்டர் காற்றை இழுக்கும். சமவெளியின் வெப்பத்தில் அதன் எடை 4030 கிராம். முழுச் சுமையில் 12.8 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்றால் 315 கிராம், அதாவது 425 சிசி. இரு வழிகளும் நெருங்கி வருவது கணக்கு சரி என்பதற்குச் சான்று. இரண்டும் விலகினால் எதிர்பார்த்த குதிரைத்திறன் வெறும் ஆசை என்று பொருள்.

அதே எஞ்சினுக்கு டர்போ பொருத்தி 150 குதிரைத்திறன் எதிர்பார்த்தால் கணக்கு மாறும். டர்போ எஞ்சினைக் குளிர்ச்சியாக வைக்கக் கூடுதல் பெட்ரோல் வேண்டும், குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 272 கிராம். மொத்தம் 920 சிசி, ஒரு சிலிண்டருக்கு 230, 80 சதவீத வரம்புக்கு 287. சந்தையில் கிடைக்கும் 300 சிசி அளவு பொருந்தும்.

பெரியது எப்போதும் நல்லதல்ல

'ஐயமிருந்தால் பெரியது' என்ற ஜெட் காலத்து விதி இங்கே அப்படியே செல்லாது. நிரல் திருத்தக்கூடியதாக இருப்பின், பெரிய இன்ஜெக்டரைக் குறைந்த நேரம் திறந்து முழுச் சுமையில் சரியான அளவைப் பெறலாம். சிக்கல் எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது வருகிறது. அப்போது வழக்கமான இன்ஜெக்டர் 2 முதல் 3 மில்லி விநாடிதான் திறக்கிறது. மின்சாரம் வந்தபின் ஊசி எழுவதற்கே சுமார் 1 மில்லி விநாடி ஆகும். பேட்டரி மின்னழுத்தம் குறைந்தால் இந்தத் தாமதம் நீளும். இரண்டு மடங்கு பெரிய இன்ஜெக்டரைப் போட்டால், பெட்ரோல் பாயும் நேரம் பாதியாகி, தாமதமே பெரும்பகுதி ஆகிவிடும். அந்த எல்லையில் ஒவ்வொரு திறப்பும் ஒவ்வோர் அளவு தரும். கார் சிக்னலில் திணறும், பெட்ரோல் வாடை வீசும், புகைச் சோதனையில் தோற்கும். இன்ஜெக்டரின் மின்தடையும் பொருந்த வேண்டும். 12 ஓம் முதல் 16 ஓம் வகைக்கான மின்னணுப் பெட்டியில் 2 முதல் 4 ஓம் வகையைப் பொருத்தினால் பெட்டியே கருகக்கூடும்.

இன்ஜெக்டரை மாற்றாமல் பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டுவது மலிவான வழி. ஆனால் பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. 3 பாரை 4 பாராக்கினால், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூட்டினால், பாய்வு 15 சதவீதம் மட்டுமே கூடும். பம்பின் சுமையோ முழுமையாகக் கூடும். டர்போவில் இதன் மறுபக்கமும் உண்டு. பெட்ரோல் அழுத்தம் 3 பாரில் நிலையாக இருக்க, டர்போ 0.7 பார் அழுத்தத்தில் காற்றைத் தள்ளினால், இன்ஜெக்டருக்கு மிஞ்சும் வேறுபாடு 2.3 பார்தான். எஞ்சினுக்கு மிக அதிகமாகப் பெட்ரோல் தேவைப்படும் கணத்தில் பாய்வு 12 சதவீதம் குறைகிறது. டர்போ பொருத்திய கார்கள் பிஸ்டனை இழப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மலையும் சமவெளியும்

உயரம் இந்தக் கணக்கில் எவ்வாறு குறுக்கிடுகிறது என்பதைச் சேர்வராயன் மலை தெளிவாகக் காட்டுகிறது. சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் உள்ளது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. இவ்விரு உயரங்களுக்கிடையே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 11 சதவீதம் குறைகிறது. கார்புரேட்டர் இதை முழுமையாக உணர்வதில்லை. பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாததால் மேலே கலவை 6 சதவீதம் அளவுக்குத் தடித்துவிடும். நாகலூர் போன்ற மலைக் கிராமங்களின் காப்பித் தோட்டங்களுக்கு ஏறிய பழைய கார்புரேட்டர் ஜீப்புகள் மேலே இழுவை குறைந்து கரும்புகை கக்கியதற்கு இதுவே காரணம்.

ஆபத்து இறங்கும்போதுதான். மலையில் நன்றாக ஓட வேண்டும் என்று சிறிய ஜெட் போட்ட வண்டி, அதே ஜெட்டுடன் சேலம் சமவெளியில் முழு வேகத்தில் ஓடினால் பெட்ரோல் பற்றாமல் சூடேறும். மின்னணு முறையில் காற்றழுத்த உணரி இதைத் தானே சரிசெய்கிறது. ஆனால் அதற்கும் வரம்புண்டு. மலையில் சோதித்து, 80 சதவீதத்தில் நிற்கிறது என்று தேர்ந்தெடுத்த இன்ஜெக்டர் சமவெளியில் 90 சதவீதத்தைத் தொட்டுவிடும். இன்ஜெக்டர் முழுவதும் திறந்தபின் எந்த மின்னணுப் பெட்டியாலும் ஒரு துளியும் கூட்ட இயலாது. எனவே கணக்கைக் காற்று அடர்ந்த சமவெளிக்கே போட வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

2023 பிப்ரவரியில் இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. தூய பெட்ரோல் ஒரு கிராம் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிராம் போதும். எனவே அதே காற்றுக்கு 20 சதவீதக் கலவை 8 சதவீதம் அளவுக்கு அதிகமாகச் செலுத்தப்பட வேண்டும். தொழிற்சாலைக் காரில் இன்ஜெக்டருக்கு இடைவெளி இருப்பதால் இது தெரிவதில்லை. பழைய பெட்ரோலுக்கு 80 சதவீதத்தில் நிறுத்தி மாற்றியமைத்த காருக்கு இடைவெளியின் ஒரு பகுதி போய்விடுகிறது. கார்புரேட்டர் வண்டிகளுக்கு இது இன்னும் கடுமை. அவற்றில் ஜெட்டை மாற்றாமல் கூடுதல் எரிபொருள் தர வழியில்லை.

சட்டமும் ஓடுதளமும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. மாற்றியமைத்த எஞ்சினுக்குரிய முறையான இடம் 1990-ல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டை ஓடுதளமும் செட்டிபாளையமுமே. அங்கும் பல பந்தய வகைகளில் எஞ்சினும் இன்ஜெக்டரும் விதியால் பூட்டப்பட்டவை. செலவைக் கட்டுக்குள் வைக்கக் கரிவரதன் காலத்தில் பின்பற்றிய ஒரே எஞ்சின் என்ற நெறியின் தொடர்ச்சி இது.

தேர்வு இன்னும் திறந்திருக்கும் ஓர் இடம் கல்லூரி மாணவர்களின் கார்கள். கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துவரும் ஃபார்முலா பாரத் போட்டியில், மாணவர்கள் மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைக் காரைத் தாங்களே உருவாக்குகின்றனர். பெட்ரோல் எஞ்சினின் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகச் செல்ல வேண்டும் என்பது இவ்வகைப் போட்டிகளின் விதி. காற்றுக்கு வரம்பு வந்துவிட்டால் பெட்ரோலுக்கும் வரம்பு வந்துவிடுகிறது. பெரிய இன்ஜெக்டர் வாங்க எண்ணும் அணி கணக்குப் போட்டுப் பார்த்தால், எஞ்சினோடு வந்த இன்ஜெக்டரே போதும் என்று தெரியவரக்கூடும். சோழவரத்து மெக்கானிக் பிளக்கின் நிறத்தில் படித்ததை இன்று காற்று-எரிபொருள் உணரியின் எண்ணில் படிக்கிறார்கள். ஆனால் எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதை முதலில் அறிந்து, அதற்கேற்ற பெட்ரோலை அளந்து கொடுக்க வேண்டும் என்ற வரிசை மாறவில்லை.